திலகவதியார் கைத் திருவலகு

தமிழில் பக்தி இலக்கியத்தின் பெரும்பகுதி துன்பத்தின் வாயிலிருந்து பிறந்தது. திருநாவுக்கரசர் வயிற்றுச் சூலையின் கொடுமை தாங்காது வாய்திறந்தார். சுந்தரர் இரு கண்ணும் இழந்து வழிநெடுகப் பாடினார். சம்பந்தர் மகளை இழந்த தந்தையின் முன்நின்று பாடினார். இப்பாடல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் இல்லங்களில் ஒலித்து வருகின்றன. பிறந்த ஊரை விட்டு வந்த நம்மவர் பெட்டியிலும் தேவாரப் புத்தகம் ஒன்று உடன்வந்திருக்கிறது. எனினும், இவ்விலக்கியம் இடருற்ற மாந்தர்க்கு உண்மையில் தருவது யாது என்ற கேள்வியை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. நலம் தரும் என்று பொதுப்படச் சொல்லி அமைந்துவிடுகிறோம். அக்கேள்வியை ஒரு தாய் என்னிடத்து எழுப்பினார். எனவே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் அரசுக் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தார் தம் ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தனர். பள்ளிச் சிறுவன். ஊரிலிருந்து உறவினர் வந்துசேர இரண்டு இரவுகள் ஆயின. அதுவரை அக்கம்பக்கத்தாரே உறவாக நின்றனர். பதினாறாம் நாள் மாலை, அன்பர் சிலர் கூடித் தேவாரம் ஓதினோம். ஓதி முடித்தபின், எங்களுள் மூத்தவர் ஒருவர், ஆறுதலாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தால், அப்பூதியடிகள் மகன் அரவு தீண்டி இறந்ததையும், அப்பர் பெருமான் பதிகம் பாடி எழுப்பியதையும் உருக்கமாக எடுத்துரைத்தார். உள்ளறையிலிருந்து அத்தாயின் குரல் கேட்டது: “அந்தப் பிள்ளையை எழுப்பின சாமிக்கு எம்பிள்ளை மட்டும் கண்ணில படலியா?” மூத்தவர் தலைகுனிந்தார். நாங்கள் ஒருவரும் விடை கூறவில்லை. கூறுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

அவ்வினாவைச் சுமந்துகொண்டு பெரியபுராணத்தை மீண்டும் படித்தேன். அப்பேரிலக்கியத்துள் அத்தாய்க்கு உரிய பக்கம் ஒன்று உண்டு, நாங்கள் அன்று தவறான பக்கத்தைத் திறந்துவிட்டோம் என்று இப்போது எண்ணுகிறேன். அதனை விளக்குவதே இங்கு என் நோக்கம்.

எழுந்த பிள்ளைகள்

முதலில் அற்புதங்களையே எடுத்துக்கொள்வோம். சேக்கிழார் அவற்றை எவ்வாறு பாடுகிறார் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

திங்களூர் அப்பூதியடிகள் நாவுக்கரசரைக் காண்பதற்கு முன்பே அவர்பால் பேரன்பு பூண்டவர். தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் தம் மக்களுக்கும் அவர் பெயரையே இட்டு வழங்கியவர். அத்தகையவர் வீட்டிற்கு அப்பரே எழுந்தருளுகிறார். விருந்துக்கு வாழைக்குருத்து அரியப் போன மூத்த மகனை அரவு தீண்டுகிறது. அவன் ஓடிவந்து குருத்தைத் தாய் கையில் சேர்த்துவிட்டு விழுந்து இறக்கிறான். பெற்றோர் உடலைப் பாயில் மறைத்து வைத்துவிட்டு விருந்தினரை உண்ண அழைக்கின்றனர். மகன் எங்கே என அப்பர் வினவ, அவன் இப்போது உதவான் என்ற அளவில் தந்தை விடையிறுக்கிறார். பின்னரே உண்மை வெளிப்படுகிறது. பதிகம் எழுகிறது. மகனும் எழுகிறான்.

இந்நிகழ்ச்சியில் கவிஞரின் கவனம் எங்கே நிற்கிறது? மகன் எழுந்ததைச் சுருங்கக் கூறி, எழுந்த மகனைக் கண்டும் பெற்றோர் மகிழாது, அடியவர் அமுது செய்யச் சற்றே தடை நேர்ந்ததே என வருந்தினர் என்று பாடுகிறார். இது நம் நெஞ்சுக்கு எட்டாத உயரம். பெற்ற மனம் இப்படியும் இருக்குமோ என நாம் திகைக்கிறோம். திகைக்கவேண்டும் என்பதே கவிஞர் கருத்து. அப்பூதியின் பெருமை மகனை மீண்டும் பெற்றதில் இல்லை. மீளுவான் என்று அறியாத நிலையில் இலை போட்டதில் இருக்கிறது. மகன் எழாது போயிருந்தாலும் அவர் நாயனாரே.

மயிலாப்பூர்ச் சிவநேசர் மகள் பூம்பாவையின் வரலாறும் இத்தகையதே. பூக்கொய்யப் போனவள் அரவு தீண்டி மாய்கிறாள். தந்தை அவள் சாம்பலையும் எலும்பையும் குடத்திலிட்டுக் காத்து வைக்கிறார். சம்பந்தர் வந்து பாடுகிறார். அப்பதிகத்தை ஓதுபவர் ஒன்றை எளிதில் உணரலாம். இவளை எழுப்புக என்று அதில் இறைவனிடம் விண்ணப்பம் இல்லை. மயிலையில் திங்கள்தோறும் நிகழும் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலா போவாய் என்று அப்பெண்ணையே கேட்கிறது பதிகம். ஓணமும் கார்த்திகை விளக்கும் ஆதிரையும் பூசமும் அங்கே அணிவகுக்கின்றன. இறந்தவளிடம் வாழ்வின் இனிமைகளை எண்ணிச் சொல்லும் குரல் அது. மகளை இழந்த எந்தத் தந்தையின் நெஞ்சிலும் அக்குரல் ஒலிக்கும். ஆயினும் மயிலையில் குடம் உடைந்து பாவை எழுந்தாள். நம் இல்லங்களில் குடம் குடமாகவே இருக்கிறது.

ஆகவே, இவ்வரலாறுகளின் உட்பொருள் எவ்வளவு உயர்ந்ததாயினும், கேட்பவர் காதில் முதலில் விழுவது ‘பிள்ளை எழுந்தான்’ என்னும் செய்தியே. புண்பட்ட நெஞ்சில் அது மருந்தாக விழுவதில்லை. அத்தாயின் கேள்வியில் பிழை இல்லை.

கண்ணுக்கு முன் கோல்

சுந்தரர் வரலாறு சற்று அருகில் வருகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சூளுறவைப் பிழைத்து ஊர் எல்லையைத் தாண்டியதும், சுந்தரர் கண்ணொளி இழக்கிறார். திருவெண்பாக்கத்தில் இறைவனை நோக்கி, நீ கோயிலில் உள்ளாயோ என்று கேட்கிறார். உளோம், நீ போ என்ற அளவில் விடை வருகிறது. உடன் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண் ஒளி பெறுகிறது. வலக்கண் திருவாரூர் சென்ற பின்னரே.

கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்தது. இறைவனின் தோழர் என்று பெயர் பெற்றவருக்கே முதலில் கிடைத்தது அவ்வளவுதான். கேட்ட பொருள் வருமுன், அது வரும்வரை நடப்பதற்கு ஒரு துணை வருகிறது. திருவெண்பாக்கத்துப் பழங்கோயில் இருந்த இடம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கிக் கிடக்கிறது. கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கோல் தந்த கோயில் நீருக்குள் போயினும் அக்கோலின் பொருள் மறையவில்லை. ஆயினும் இதிலும் ஒரு குறை நிற்கிறது. சுந்தரர்க்கு முடிவில் கண் வந்துவிட்டது. கண்ணே வாராதவர்க்கு, கோல் மட்டுமே வாழ்நாள் முழுதும் துணையாக அமைந்தவர்க்கு, இக்காப்பியத்துள் இடம் உண்டா?

உண்டு. அவரே திலகவதியார்.

மீளாத இழப்பு

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாய்ப் பிறந்தவர் திலகவதியார். அவருக்குத் தம்பி மருள்நீக்கியார், பின்னாளில் நாவுக்கரசர். இளம்பருவத்திலேயே திலகவதியார்க்குக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவரோடு மணம் பேசி முடிக்கப்படுகிறது. மணம் நிகழுமுன் கலிப்பகையார் வேந்தன் ஏவலால் போர்முனைக்குச் செல்கிறார். அவர் மீளும் முன்பே புகழனார் நோயுற்று இறக்கிறார். மாதினியாரும் கணவரோடு உயிர் விடுகிறார். பெற்றோரை இழந்த இருவரும் தேறுமுன்னரே, கலிப்பகையார் போர்க்களத்தில் பட்டார் என்ற செய்தி வந்துசேர்கிறது.

ஒரு வீட்டில், சிறிது காலத்திற்குள், மூன்று சாவு. பெரியபுராணத்தில் இழப்புகள் பல உண்டு. இத்துணை அடுக்காக ஓரிளம்பெண்ணின் மேல் விழுந்தவை அரிது. இம்மூவருள் ஒருவரும் எழுந்து வரவில்லை. பதிகம் பாட எவரும் எழுந்தருளவில்லை. போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் உடலேனும் வந்ததா என்பதைக் காப்பியம் சொல்லவில்லை.

திலகவதியாருக்கு நீண்ட புலம்பல் எதையும் சேக்கிழார் வகுக்கவில்லை. அவர் வாயிலிருந்து வருவது ஒரு முடிவு. பெற்றோர் என்னை அவருக்கென்று இசைந்தனர். ஆதலால் நான் அவருக்கு உரியவள். இவ்வுயிரை அவர் உயிரோடு சேர்ப்பேன் என்று துணிகிறார். அப்போது சிறுவனாகிய மருள்நீக்கியார் தமக்கையின் அடிகளில் வீழ்கிறார். தாயும் தந்தையும் போனபின் உம்மை வணங்கலாம் என்றே உயிர் தாங்கினேன், நீரும் விட்டுச் செல்வீராயின் உமக்குமுன் நான் செல்வேன் என்று அழுகிறார். தம்பி உயிரோடிருக்க வேண்டும் என்ற அருள், சாகத் துணிந்த தமக்கையைத் தடுக்கிறது. அவர் இருக்கிறார். அணிகலன் துறந்து, எல்லா உயிர்க்கும் இரங்கும் நெஞ்சோடு, மனையிலேயே தவம் புரிகிறார்.

சேக்கிழாரின் புதுமையை உணர, இக்காட்சியைத் தமிழின் பழைய காட்சிகள் இரண்டோடு வைத்துப் பார்க்கவேண்டும். புறநானூற்றின் 246-ஆம் பாட்டில், பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் புகத் துணிகிறார். தடுக்கும் சான்றோரை மறுக்கிறார். கைம்மை வாழ்வின் இழிவை விட ஈமத்தீ தமக்குக் குளிர்ந்த பொய்கை போன்றது என்பது அவர் வாதம். அங்கே தடுப்பவர் பலர். தடுக்க வல்லவர் ஒருவரும் இல்லை. மணிமேகலையில் ஆதிரை, கணவன் கடலில் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடிருக்கிறான் என்று வானிலிருந்து குரல் எழுகிறது. அவனும் மீண்டு வருகிறான். அங்கே தடுப்பது அற்புதம்.

திலகவதியாரைத் தடுத்தது சான்றோர் அறிவுரையும் அன்று, அசரீரியும் அன்று. அழுதுகொண்டு காலைப் பிடித்த ஒரு சிறுவன். அவர் வாழ்வை மீட்டுத் தந்த குரல் வானிலிருந்து வரவில்லை, காலடியிலிருந்து வந்தது. இழந்தவர் மீளமாட்டார் என்பது தெரிந்தபின்னும், இருப்பவர் ஒருவர்க்காக இருந்தாக வேண்டும் என்பதே அக்குரலின் பொருள். தமிழ்க் காப்பிய மரபில் மிகப்பெரிய திருப்பங்களுள் ஒன்று இது என்பேன். அன்று அவ்வம்மையார் இறந்திருப்பின் நமக்கு நாவுக்கரசர் இல்லை. நாலாம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகள் இல்லை.

இருவர் துயர், இருவழி

தம்பிக்கும் துயர் உண்டு. அதனைச் சேக்கிழார் மறக்கவில்லை. மருள்நீக்கியார் உலக நிலையாமையை உணர்கிறார். அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தலும் அமைக்கிறார், சோலை வளர்க்கிறார், குளம் தொடுகிறார், வந்தவர்க்கு வழங்குகிறார். பின்னர் மெய்ப்பொருளை ஆராயப் புகுந்து பாடலிபுத்திரம் சென்று சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெறுகிறார். துயரத்தை அறிவால் கடக்க முயன்றவர் அவர். அது குறைந்த வழி அன்று. எத்தனையோ நல்லுள்ளங்கள் இழப்பிற்குப் பின் இவ்வழியில்தான் நடக்கின்றன.

திலகவதியார் வழி வேறு. தம்பியும் பிரிந்துபோனபின், எவருக்காக உயிர் வைத்திருந்தாரோ அவரும் அருகில் இல்லாதபோது, கெடிலக்கரைத் திருவதிகை சேர்கிறார். அங்கே அவர் செய்வது யாது? விடியுமுன் எழுந்து திருவலகால் கோயிலைக் கூட்டுகிறார். சாணநீரால் மெழுகுகிறார். பூப்பறித்து மாலை தொடுக்கிறார். மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே.

இங்கு நின்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பேரிழப்புக்கு ஆளானோர்க்கு உள்ளபடி மிகக் கடினமான பொழுது எது? செய்தி வந்த பொழுது அன்று. அப்போது வீடு நிறைய ஆட்கள் இருப்பர். எல்லோரும் போனபின் வரும் விடியற்காலையே கடினம். எழுந்து செய்வதற்கு என்ன இருக்கிறது என்னும் வெறுமை அப்போதுதான் நெஞ்சை அழுத்தும். சேக்கிழார் அந்தப் பொழுதில் திலகவதியார் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறார். பிரார்த்தனை என்றவுடன் நாம் வாயால் கேட்பதையே எண்ணுகிறோம். அம்மையாரின் பிரார்த்தனை முதலில் கையில் தொடங்குகிறது. வாயால் அவர் கேட்டதும் ஒன்றே: தம்பியை ஆட்கொள்க என்பது. கலிப்பகையைத் தருக என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஏன் கொண்டாய் என்றும் கேட்டதாகக் கவிஞர் பாடவில்லை. இழந்தது பற்றிய வேண்டுகோள் இருப்பவர் பற்றிய வேண்டுகோளாக மாறிவிட்டது. துயரம் இவ்வாறு உருமாறுவதற்கே வலிமை என்று பெயர்.

விடையாக வந்த நோய்

அவ்வேண்டுகோளுக்கு வந்த விடை இன்னும் வியப்பானது. இறைவன் கனவில் தோன்றி, கவலை ஒழிக, உன் தம்பியைச் சூலை தந்து ஆட்கொள்வோம் என்கிறான். தம்பி நலம் வேண்டிய தமக்கைக்கு, தம்பி நோயுறுவான் என்பதே விடை. மருள்நீக்கியார் வயிற்றில் சூலை மூள்கிறது. சமணர் மந்திரமும் மயிற்பீலியும் பயன்படவில்லை. அவர் தமக்கையை நினைக்கிறார். சமையற்காரனை அனுப்புகிறார். நான் அங்கு வாரேன் என்று அவனிடம் விடை சொல்லி அனுப்புகிறார் அம்மையார். இரவில் தம்பியே வந்து அடியில் வீழ்கிறார்.

கட்டமைப்பை நோக்குக. தமக்கையின் அடியில் தம்பி வீழ்வது இது இரண்டாம் முறை. முதன்முறை, நீ வாழ வேண்டும் என்று வீழ்ந்தார். இம்முறை, நான் வாழ வேண்டும் என்று வீழ்கிறார். முதலில் தம்பி தமக்கையைச் சாவிலிருந்து மீட்டார். இப்போது தமக்கை தம்பியை மீட்கிறார். இடையிலுள்ள ஆண்டுகள் முழுவதும் திருவலகு இயங்கிக்கொண்டிருந்தது. அம்மையார் தம்பியை எடுத்து நிறுத்தித் திருநீறு தருகிறார். இருள் புலருமுன், நாள்தோறும் போலவே அலகும் மெழுக்கும் தோண்டியும் ஏந்தித் திருக்கோயிலுக்குப் புறப்படுகிறார். அன்று தம்பியையும் உடன் அழைத்துச் செல்கிறார். பெரும் மந்திரம் எதுவும் அவர் ஓதவில்லை. தம் அன்றாட வேலைக்குத் தம்பியைக் கூட்டிச் சென்றார், அவ்வளவே. அங்கே தமிழ் வழிந்தது.

ஈண்டு இரண்டு தடைகளுக்கு விடை கூறியாக வேண்டும்.

ஒன்று: இவ்வரலாற்றில் சமணத்தின்மேல் கடுஞ்சொல் உண்டு. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில், அநபாய சோழன் அவையில் அமைச்சராயிருந்து பாடிய சைவர். அக்காலச் சமயப்போரின் தழும்பு அவர் நூலில் இருப்பதை மறைக்க வேண்டுவதில்லை. இன்று அதனை நாம் ஏந்தி நிற்கவும் வேண்டுவதில்லை. தமிழுக்குச் சமணர் செய்த தொண்டு பெரிது. திலகவதியார் வரலாற்றின் உயிர்நிலை சமயப்பகையில் இல்லை. எந்தச் சமயத்தார் கையிலும் அவ்வலகு பொருந்தும்.

மற்றொன்று இன்னும் முக்கியமானது. நோய் இறையருளின் வடிவம் என்று இக்கதை கூறுவதால், துன்பமெல்லாம் நன்மைக்கே என்று நாம் பிறர்க்குச் சொல்லலாமா? கூடாது என்பேன். காப்பியத்தில் அச்செய்தி யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இறைவன் அதனைத் திலகவதியாரின் கனவில், அவர் ஒருவர்க்கே சொன்னான். வயிற்றைப் பிடித்துத் துடிக்கும் தம்பியிடம் அம்மையார், இது அருளே, பொறுத்துக்கொள் என்று உபதேசிக்கவில்லை. எடுத்து நிறுத்தினார், நீறு தந்தார், உடன் நடந்தார். துன்பத்தின் பொருளைத் துன்புற்றவரே, தம் காலத்தில், தம் உள்ளத்தில் கண்டுகொள்ள வேண்டும். வெளியிலிருந்து மற்றவர் அதனைச் சொல்வது கொடுமை. அன்று மாலை எங்கள் பிழையும் அதுவே.

தம்பி கற்ற பாடம்

அந்த அலகு நாவுக்கரசர் வாழ்வில் எவ்வாறு தொடர்ந்தது என்பதற்குச் சான்று உண்டு. அவர் கையில் வாழ்நாள் முழுதும் இருந்தது உழவாரப்படை. கோயில் முற்றங்களில் புல்லும் முள்ளும் செதுக்கும் கருவி. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான் என்கிறது புராணம். அவற்றையெல்லாம் கடந்து கரையேறியவர் மீண்டும் கையில் எடுத்தது இத்தொண்டையே. தமக்கை கோயிலின் உள்ளே கூட்டினார். தம்பி நாடெங்கும் கோயில்களின் முன்றிலைச் செதுக்கினார். இரண்டும் ஒரே பள்ளிப் பாடம்.

இதைவிடத் தெளிவான சான்று அவர் வாக்கிலேயே உள்ளது. ஆறாம் திருமுறையில், திருவாரூர்த் திருத்தாண்டகங்களுள் ஒன்றில், அவர் தம் நெஞ்சை விளித்துப் பேசுகிறார். நிலைகுலையாது நிற்க விரும்பினால் என்ன செய்யவேண்டும் என்று அதற்குக் கற்பிக்கிறார். விடியுமுன் கோயில் புகுதல், கூட்டுதல், மெழுகுதல், பூமாலை தொடுத்தல், வாயாரப் பாடுதல் என அவர் வரிசைப்படுத்துபவை யாவை? பாடுதல் நீங்கலாக, திருவதிகையில் தமக்கையார் நாள்தோறும் செய்தவையே! நெஞ்சு நிலைபெறுவதற்கு வழி கேட்டால், தத்துவங்களையெல்லாம் கற்றுத் தேர்ந்த தருமசேனர் ஒரு துடைப்பத்தைக் காட்டுகிறார்.

நாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டினர்; சேக்கிழார் ஐந்து நூற்றாண்டு பிந்தியவர். தம்பியின் இத்தாண்டகத்தைக் கற்ற சேக்கிழார், அதிலிருந்து தமக்கையின் அன்றாடத்தைப் புனைந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் கூறினால் நான் மறுக்கமாட்டேன். அவ்வாறாயின் சேக்கிழாரின் பெருமை மேலும் உயர்கிறது. இப்பாடலின் பின்னே ஒரு பெண்ணின் துயரமும் உழைப்பும் இருந்திருக்க வேண்டும் என்று கண்டுகொண்ட உள்ளம் அல்லவா அது? அரசின் அலுவலை ஆற்றியவர் அவர். நாளும் செய்யும் சிறுபணியின் ஆற்றலை அறிந்தவர். கோப்புகளோடு காலம் தள்ளும் என் போன்றோர்க்கு இதில் ஒரு தனி உவகையும் உண்டு.

அறுபத்து மூவருள் பெண்டிர் மூவரே: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். திலகவதியார் அவ்வரிசையில் இல்லை. அவருக்குத் தனிப் புராணம் இல்லை. தம்பி பாடத் தொடங்கியதும் காப்பியம் தம்பியைப் பின்பற்றிச் செல்கிறது. அம்மையாரின் முடிவு பாடப்படவில்லை. துன்பத்தைத் தாங்கி நின்று பிறரை நிறுத்துபவர் பலர்க்கும் உலகில் நேர்வது இதுவே. அவர்கள் பெயர் பட்டியலில் ஏறுவதில்லை.

முடிவாக

அத்தாயின் கேள்விக்கு வருவோம். அந்தப் பிள்ளையை எழுப்பிய இறைவன் எம்பிள்ளையை ஏன் எழுப்பவில்லை? இதற்கு என்னிடம் விடை இல்லை; பெரியபுராணத்திலும் நான் காணவில்லை. ஆனால் அக்காப்பியம் எழுந்தவர் கதை மட்டும் அன்று என்பதை இப்போது அறிகிறேன். எழாதவர்களின் வீட்டில் எஞ்சி நின்ற ஒரு பெண்ணை அது தன் நெஞ்சுக்கு அருகில் வைத்திருக்கிறது. அற்புதம் நிகழாத வீட்டிலும் பிரார்த்தனைக்கு வேலை உண்டு என்று அவள் வாயிலாகச் சொல்கிறது. அந்த வேலை இழந்ததை மீட்பது அன்று. எஞ்சியிருப்பவர் முகத்தைக் காட்டுவது, விடியற்காலையில் கைக்கு ஒரு பணி தருவது, அவ்வளவே. அவ்வளவும் போதாது என்று அன்று நினைத்திருப்பேன். திருத்தாண்டகம் பாடியவரே அதனைப் போதுமென்று கொண்டபின் நான் யார்?

இதனையும் நான் அத்தாயிடம் சென்று எடுத்துரைக்கவில்லை. துன்பத்தின் பொருளை வெளியிலிருந்து சொல்லலாகாது என்று மேலே எழுதியவன் அதனைச் செய்யலாமா? அவருக்காக இதை எழுதவும் இல்லை. அவர் வீட்டு முற்றத்தில் அன்று வாயடைத்து அமர்ந்திருந்த எங்களுக்காகவே எழுதுகிறேன்.

ஊரும் உறவும் தொலைவில் இருக்க, வேற்றுமொழி பேசும் நகரங்களில் வாழ்கிறோம். நம்முள் ஒரு வீட்டில் இடி விழும்போது, உறவினர் வந்து சேருமுன் அவ்வாயிலில் முதலில் நிற்பவர் நாமே. அப்போது கதை சொல்லத் துடிக்கும் நாவை நாம் அடக்கிக்கொள்வோம். அவ்வீட்டைக் கூட்டுவோம், தண்ணீர் நிரப்பி வைப்போம், உலை ஏற்றுவோம், எஞ்சியிருக்கும் பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவோம். பதினாறாம் நாளோடு நின்றுவிடாது, பதினேழாம் நாள் விடியற்காலையிலும் போய் நிற்போம். திருவதிகைத் திருக்கோயிலில் திலகவதியாருக்குச் சன்னிதி உண்டு. அங்கே சென்று வணங்க இயலாதவர்க்கு, அத்தகைய வீட்டின் வாயிலே அச்சன்னிதி.